உண்மையை மட்டும் எழுதுங்கள்

முனிலட்சுமியை வேலையிலிருந்து வெளியே நிறுத்திய அறிக்கையில் கையெழுத்துப் போட்டவன் நான். யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. பேனா எழுதுகிறதா என்று வேறொரு தாளில் கிறுக்கிப் பார்த்துவிட்டு, நிதானமாகவே போட்டேன்.

என் பெயர் மாரிமுத்து. சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்கு பிரேக் சாமான்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எட்டு வருஷமாக அங்கே இருந்தும் என் பெயர் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேன்டீன்காரர் முதல் கேட் செக்யூரிட்டி வரைக்கும் நான் 'சிஸ்டம் சார்'. எனக்கும் அது பிடித்திருந்தது. பெயரைவிடக் கொஞ்சம் பெரிய ஆள் மாதிரி இருக்கும்.

முனிலட்சுமி குவாலிட்டி பிரிவில் இருந்தாள். பாகலூருக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டில் தெலுங்கு, கம்பெனி பஸ்ஸில் கன்னடம், எங்களோடு தமிழ். ஆறு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து, போன வருஷம்தான் பர்மனென்ட் ஆகியிருந்தாள். ஒரு சரக்கில் சந்தேகம் என்றால் அதை 'ஹோல்டு' போட்டு நிறுத்திவைப்பதும், சரியாக இருந்தால் கம்ப்யூட்டரில் விடுவிப்பதும் அவள் வேலை. அவள் விடுவிக்காமல் டிஸ்பாட்ச்காரர்களால் ஒரு சீட்டுகூட அச்சடிக்க முடியாது. அதனால் அவளிடம் கெஞ்சுகிறவர்களும் உண்டு, பின்னால் பொருமுகிறவர்களும் உண்டு. அவள் இரண்டுக்கும் மசிகிற ஆள் இல்லை.

2008 ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. பகல் பதினொன்று நாற்பதுக்கு, அவள் நிறுத்திவைத்திருந்த எண்ணூறு பிரேக் சிலிண்டர்கள் அவள் பெயரிலேயே விடுவிக்கப்பட்டு லாரி ஏறின. சென்னையில் வாங்கினவர்கள் துளை அளவு சரியில்லை என்று மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார்கள். பதினொன்று நாற்பதுக்கு முனிலட்சுமி தொழிற்சாலையிலேயே இல்லை. தேன்கனிக்கோட்டையில் பேட்டராயசாமி கோயிலில், தன் அண்ணன் மடியில் உட்கார்ந்து காது குத்தும்போது வீறிட்ட மகளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தாள்.

ஆள் இல்லை, ஆனால் அவள் பெயரில் யாரோ கம்ப்யூட்டருக்குள் நுழைந்திருக்கிறார்கள். அப்படியென்றால் அவளே யாருக்கோ வழி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கம்பெனி சட்டப்படி அதற்கு டிஸ்மிஸ். இதுதான் குற்றச்சாட்டு. வழி சொல்லிக் கொடுக்காமல் யாரும் நுழைந்திருக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தது நான்.

ஏன் அவ்வளவு உறுதியாக எழுதினேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

அதற்கு இரண்டு வருஷம் முன்புவரை என் அறைக்கு ஒரு ஜன்னல் இருந்தது. பாஸ்வேர்டு முப்பது நாளுக்கு ஒருமுறை செத்துப்போகும். மாற்றியதை மறந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் அந்த ஜன்னலில் முப்பது, நாற்பது பேர் வந்து நிற்பார்கள். "சார், நான் மெயின்டனன்ஸ். மறந்துபோச்சு." நான் முகத்தைப் பார்ப்பேன். தெரிந்த முகம். மாற்றிக் கொடுப்பேன். எரிந்து விழுவேன், அது வேறு விஷயம். "சாப்பாட்டை மறக்கிறீங்களா? சம்பளத்தை மறக்கிறீங்களா? இதை மட்டும் எப்படிய்யா மறக்கிறீங்க?" என்று திங்கள்தோறும் கத்துவேன். ஆனால் ஒருவர் பாஸ்வேர்டை இன்னொருவருக்கு நான் கொடுத்ததில்லை. கொடுக்கவும் முடியாது. முகம்தான் எதிரே நிற்கிறதே.

தலைமை அலுவலகத்துக்கு இந்த ஜன்னல் பிடிக்கவில்லை. என்னுடைய பாதி நாள் இதிலேயே போகிறது என்று கண்டுபிடித்து, பெங்களூரிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் வாங்கி அனுப்பினார்கள். அதன்படி மறந்தவர்கள் என்னிடம் வர வேண்டியதில்லை. எந்தக் கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் உட்கார்ந்து, முன்பே பதிந்துவைத்த மூன்று கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும், தாங்களே புதிய பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளலாம்.

கேள்விகள் எங்கிருந்து வந்தனவோ தெரியாது. உங்கள் முதல் கார் எது? உங்கள் செல்லப்பிராணியின் பெயர் என்ன? கல்யாணத்துக்கு முன் உங்கள் அம்மாவின் குடும்பப் பெயர் என்ன?

எங்கள் ஆட்களில் கார் வைத்திருந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவருடையது கம்பெனி கார். செல்லப்பிராணி என்றால், "நாய் இருக்குது சார், பேரெல்லாம் வெக்கல, நாய்தான்" என்றார்கள். அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயரைக் கேட்டால், "அதே பேருதான் சார், ஏன் மாத்தணும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். வாய்க்கு வந்ததைப் பதிந்தார்கள், அடுத்த மாதமே மறந்தார்கள். ஜன்னலில் கூட்டம் இரண்டு மடங்கானது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய மூன்று விஷயங்களைக் கேட்டால் என்ன? உட்கார்ந்து மாற்றினேன். உங்கள் குலதெய்வம் எது? நீங்கள் பிறந்த ஊர் எது? உங்கள் அம்மாவின் பெயர் என்ன? ஆங்கிலத்தில் தட்டும்போது ஆளுக்கொரு மாதிரி தட்டுவார்கள் என்பதால், முதல் நாலு எழுத்து பொருந்தினால் போதும் என்று பெங்களூர்க்காரர்களைத் தொந்தரவு செய்து அதையும் தளர்த்தி வாங்கினேன்.

கேன்டீனில் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்து, ஷிப்ட் ஷிப்டாக எல்லாரையும் பதிய வைத்தேன். அன்று எனக்கிருந்த உற்சாகத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

"குலதெய்வம்னா எது சார்? பொறந்த வூட்டுதா, போன வூட்டுதா?" என்று கேட்டவள் முனிலட்சுமிதான்.

"இப்போ எதைக் கும்பிடுறீங்களோ அது."

"அப்ப பேட்டராயசாமி. பொறந்த ஊரு அத்திமுகம். அம்மா கெம்பம்மா." இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு, "இது நல்லா இருக்குது சார். இத யாரு மறப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மற்றவர்களிடமும் போய்ச் சொல்லி அவளே பத்துப் பேரை அழைத்து வந்தாள்.

ஒரே ஒருத்தன்தான் வம்பு செய்தான். மெயின்டனன்ஸ் அசோக்குமார், மத்தூர்ப் பையன். மூன்று கேள்விக்கும் 'தெரியாது' என்று தட்டிவிட்டு எழுந்தான்.

"ஏலே, உங்க அம்மா பேரு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். அத எதுக்கு மிஷினுக்குச் சொல்லணும்?"

"உண்மையை எழுதுனாத்தான் மறக்காது. எல்லாரும் கேளுங்க. உண்மையை மட்டும் எழுதுங்க." கேன்டீன் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவப் போய்விட்டான். அவனை மாற்ற வைக்க எனக்கு நேரமில்லை.

அடுத்த மாதம் ஜன்னலில் நாலே பேர். அதற்கடுத்த மாதம் யாருமே இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதமும் ஒரு சுவர்க் கடிகாரமும் வந்தன. மற்றக் கிளைகளிலும் என் மூன்று கேள்விகளையே வைத்தார்கள். ஜன்னலுக்குப் பலகை அடித்து, அதன் மேலேயே கடிகாரத்தை மாட்டினேன்.

ஆகவே, எண்ணூறு சிலிண்டர் விவகாரத்தில் பர்சனல் மேனேஜர் ஸ்ரீராம் என்னைக் கூப்பிட்டு, "வேற யாராவது உள்ள போயிருக்க வாய்ப்பிருக்கா?" என்று கேட்டபோது, என் பிள்ளையைத் திருடன் என்று யாரோ சொன்ன மாதிரி எனக்குக் கோபம் வந்தது. பதிவேட்டை அச்சடித்து அவர் முன் வைத்தேன். வியாழன் 11.32, டிஸ்பாட்சில் எல்லாரும் புழங்கும் கம்ப்யூட்டர். முனிலட்சுமியின் பாஸ்வேர்டை மாற்ற விண்ணப்பம். மூன்று கேள்விகள். மூன்றுக்கும் முதல் தடவையிலேயே சரியான பதில். 'பயனாளர் உறுதிசெய்யப்பட்டார்' என்று சாஃப்ட்வேரே எழுதியிருந்தது.

"அந்தப் பதில் அவங்களுக்கு மட்டும்தான் தெரியும் சார்" என்றேன்.

"அப்போ அவங்கதான் யாருக்கோ சொல்லியிருக்காங்க."

"வேற வழியில்லை சார்."

இன்னொன்றையும் நானே எடுத்துக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை வேலைக்கு வந்தவள் பழைய பாஸ்வேர்டு வேலை செய்யாததைப் பார்த்து, முப்பது நாள் ஆகிவிட்டது போல என்று நினைத்து, தானே அந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லி மாற்றியிருந்தாள். முந்தைய நாள் மாற்றப்பட்ட செய்தியை சாஃப்ட்வேர் ஈமெயிலில் அனுப்பும். அவளைப் போல ஷாப் ஃப்ளோரில், மிஷின் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு ஈமெயிலே கிடையாது. அது எங்கே போய் விழுந்ததோ. ஸ்ரீராம் அதையும் குறித்துக்கொண்டார். "தடயத்தை அழிச்சிருக்காங்க" என்றார். நான் மறுக்கவில்லை.

டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் விஜயகுமாரை விசாரித்தார்கள். "சிஸ்டத்துல ரிலீஸ் ஆகியிருந்துச்சு சார், சீட்டு அடிச்சு ஏத்துனன்" என்றான். அன்று அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் வந்துபோயிருந்தார்கள். யாரும் எதையும் பார்க்கவில்லை. முனிலட்சுமி, "யாருகிட்டயும் சொல்லல சார்" என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட். என் அறிக்கையின் நகலைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

அதற்கு ஏழாம் நாள், மதியம் சாப்பிட்டுவிட்டு கேன்டீனில் கை கழுவ வரிசையில் நின்றேன். குழாய்க்குப் பக்கத்துச் சுவரில்தான் நோட்டீஸ் போர்டு. அதில் பாதி கம்பெனி சுற்றறிக்கை, மீதி பத்திரிகைகள். கல்யாணம், காது குத்து, வீடு குடிபோவது எதுவானாலும் ஒரு பத்திரிகையை அங்கே ஒட்டிவிட்டால் எல்லாரையும் அழைத்த மாதிரி. வரிசையில் நிற்கிறவர்கள் படித்துக்கொண்டே நகர்வார்கள். நானும் படித்தேன்.

முனிலட்சுமி வீட்டுக் காதணி விழாப் பத்திரிகை இன்னும் அங்கேயே இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள். உச்சியில், 'ஸ்ரீ பேட்டராயசுவாமி துணை'. அதற்குக் கீழே, எங்கள் குலதெய்வம் சன்னிதியில் நடைபெறும் விழாவுக்கு வருமாறு வேண்டுகோள். அடியில், தாய்வழித் தாத்தா பாட்டி, எல்லப்பன் – கெம்பம்மா, அத்திமுகம்.

எனக்குப் பின்னால் நின்றவர், "சார், நகருங்க" என்றார். குழாயைத் திறந்தேன், கையை நீட்டாமல் நின்றேன். என் மூன்று கேள்விகளுக்கும் பதிலை மஞ்சள் தடவி அச்சடித்து, வெற்றிலை பாக்கோடு அவள் ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறாள். ஆளாளுக்குக் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். என் மேஜை இழுப்பறையில் அது இருந்தது. நான் விழாவுக்குப் போகவில்லை.

போர்டில் அன்று மொத்தம் நாலு பத்திரிகை. நாலிலும் இருந்ததை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். நாலு பேர் பெயரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மூன்று பேருடையது திறந்தது. 'புதிய பாஸ்வேர்டைத் தருக' என்று பணிவாகக் கேட்டது. அத்துடன் நிறுத்திக்கொண்டேன். நாலாவது, தங்கை கல்யாணத்துக்கு அசோக்குமார் ஒட்டியிருந்தது. அவனுடையது மட்டும் திறக்கவில்லை. மூன்றுக்கும் 'தெரியாது' என்று எழுதியிருந்தவன் அவன்.

உடனே ஓடிப்போய் ஸ்ரீராமிடம் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. இரண்டு நாள் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. கேள்விகள் என்னுடையவை. நாலு எழுத்து போதும் என்று கேட்டு வாங்கியது நான். வேற வழியில்லை சார் என்று சொன்ன வாயும் என்னுடையது. என் கேள்விகள் இப்போது ஐந்து கிளைகளில் ஓடிக்கொண்டிருந்தன. விசாரணையில் அவளே எப்படியாவது தப்பித்துவிடுவாள், நான் சத்தமில்லாமல் கேள்விகளை மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கேவலமான கணக்குதான். அன்றைக்கு அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஷிப்ட் விடும்போது முனிலட்சுமி கேட்டுக்கு வெளியே நின்றாள். விளக்கக் கடிதம் கொடுக்க வந்திருக்கிறாள். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை, கடிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். ஏழு வருஷமாக அவளுக்கு வணக்கம் வைத்த செக்யூரிட்டி. நான் வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

"சிஸ்டம் சார், ஒரு நிமிசம்."

"சொல்லும்மா."

கையில் என் அறிக்கையின் நகல். நாலாக மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. "இதுல அடியில மாரிமுத்துன்னு போட்டிருக்குது. யாரு இவரு, நமக்குத் தெரியாத ஆபீசருன்னு கேட்டன். நீங்கதான்னாங்க."

"ஆமா. நான்தான்."

"உங்கமேல தப்பு சொல்ல வர்ல சார். மிஷின்ல இருக்கறதத்தான எழுதனீங்க? ஒன்னே ஒன்னு கேக்கறன். நானே யாருகிட்டியாச்சும் சொல்லிட்டு மறந்திருப்பனா? பஸ்ல பேசறப்ப சொன்னனா, கேன்டீன்ல சொன்னனான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறன். ஒன்னும் நெனவுக்கு வர்ல. மிஷின் பொய் சொல்லாதில்ல?"

நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"எங்கூட்டுக்காரரு திட்டல சார். அடிக்கல. யாரு அவன்னு மட்டும் கேக்கறாரு. தினம் ஒருவாட்டி, சோறு போடறப்ப கேக்கறாரு. யாருன்னு சொல்லுவன்?"

வேலை போகும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இது எனக்குத் தோன்றவேயில்லை. ஒரு பெண், தனக்கு மட்டும் தெரிந்ததை வேலை செய்யும் இடத்தில் எவனுக்கோ சொல்லியிருக்கிறாள் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைப் படித்தால் புருஷன் என்ன கேட்பான்? என்மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

"நீங்க யாருகிட்டயும் சொல்லலை. வீட்ல போய்ச் சொல்லுங்க. நாளைக்கு விசாரணைக்கு வாங்க" என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. பாகலூர் பஸ் வந்தது, ஏறிப் போனாள்.

மறுநாள் விசாரணை அறையில் ஸ்ரீராம், குவாலிட்டி மேனேஜர், விஜயகுமார், முனிலட்சுமி. என்னைத் தொழில்நுட்பச் சாட்சியாக உட்கார வைத்திருந்தார்கள். நான் போர்டிலிருந்து ஒரு பத்திரிகையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தேன்.

"சார், என் அறிக்கை தப்பு" என்றேன்.

"என்ன தப்பு? பதிவேடு தப்பா?"

"பதிவேடு சரி. மூணு பதில் சரியா வந்துச்சுன்னுதான் அதுக்குத் தெரியும். சொன்னது யாருன்னு அதுக்குத் தெரியாது. அவங்களுக்கு மட்டும்தான் தெரியும்னு நான் சொன்னேன் பாருங்க, அதுதான் தப்பு."

மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினேன். பத்திரிகையைப் பிரித்தேன். அது முனிலட்சுமியுடையது இல்லை. ஸ்ரீராம் போன மாதம் ஓசூரில் புது வீடு கட்டிக் குடிபோனதற்கு ஒட்டிய பத்திரிகை. உச்சியில் அவர்கள் குலதெய்வமான அய்யனார். அடியில் பெற்றோர் பெயர், மன்னார்குடிப் பக்கத்தில் அவர் பிறந்த கிராமம். ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன், நாலு நாலு எழுத்தாகத் தட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 'வணக்கம் ஸ்ரீராம், புதிய பாஸ்வேர்டைத் தருக.'

ஸ்ரீராம் எழுந்து வந்து மானிட்டரின் சுவிட்சை அணைத்தார். கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டதாக நினைத்திருப்பார். அவர் கணக்கில் ஆலையில் எல்லாருடைய ரகசியக் கோப்புகளும் இருந்தன.

குவாலிட்டி மேனேஜர்தான் முதலில் விஜயகுமாரைப் பார்த்தார். பிறகு எல்லாரும் பார்த்தோம். அவன் மேஜையைப் பார்த்தே பேசினான்.

"லாரி கேட்டுல நின்னுட்டு இருந்துச்சு சார். அக்காவுக்கு மூணுவாட்டி ஃபோன் போட்டன், எடுக்கல. சரக்கு பாக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அவங்க இருந்தா அவங்களே விட்டிருப்பாங்கன்னு நெனச்சன். பத்திரிகை என் டேபிள் கண்ணாடிக்கு அடியிலயே இருந்துச்சு. பாத்தன், அடிச்சன், தொறந்துடுச்சு."

"ஒம்பது நாளு" என்றாள் முனிலட்சுமி. அவ்வளவுதான் சொன்னாள். பத்திரிகை அடித்து வந்ததும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து ஆலையில் அவள் முதலில் அழைத்தது அவனைத்தான் என்பது பிறகு தெரிந்தது. எனக்கு அவன்மேல் கோபம் பொங்கியது. ஆனால் ஒன்பது நாளில் இரண்டு நாள் என்னுடையது.

அவளைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். வெளியே நின்ற நாட்களுக்குச் சம்பளமும் உண்டு என்றார்கள். விஜயகுமாருக்கு நாலு நாள் சஸ்பென்ஷன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைமை அலுவலகம் ஒரு விளக்கம் கேட்டது, எழுதினேன். சாஃப்ட்வேரை எடுத்துவிடுங்கள், ஜன்னலைத் திறந்து பழையபடி முகம் பார்த்து மாற்றிக் கொடுக்கிறேன் என்றும் எழுதினேன். மூன்று வருஷத்துக்கு வாங்கியாகிவிட்டது, முடியாது என்று பதில் வந்தது. அதற்குப் பதிலாக இரண்டு உத்தரவுகள். ஒன்று, ஆலை வளாகத்தில் இனிமேல் எந்தக் குடும்ப அழைப்பிதழும் ஒட்டக் கூடாது. இரண்டு, எல்லாரும் மறுபடி பதிய வேண்டும், இந்த முறை யாரும் ஊகிக்க முடியாத, உண்மையல்லாத பதில்களைத் தர வேண்டும்.

ஆகவே அதே கேன்டீனில் அதே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, பொய் எழுதுங்கள் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அசோக்குமார் வந்து, "நான் பழசே வெச்சுக்கலாமா சார்?" என்று கேட்டான். வெச்சுக்கோ என்றேன்.

பலருக்குக் கை வரவில்லை. குலதெய்வத்தின் இடத்தில் வேறு எதையோ எழுதச் சொன்னால் யார் எழுதுவார்கள்? ஒருவர் தட்டுவதற்கு முன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முனிலட்சுமி கடைசியில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா பேருக்கு வேற ஏதாச்சும் போடணுமா?"

"ஆமா. உண்மை வேண்டாம்."

"போனவாட்டி உண்மைய மட்டும் எழுதுன்னீங்க. எழுதனன்."

நான் பார்க்கக் கூடாது என்பதற்காகத் திரும்பி நின்றுகொண்டேன். அவள் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. தட்டிவிட்டு எழுந்துபோனாள்.

முப்பது நாள் ஆனது. எழுதின பொய் யாருக்கும் ஞாபகம் இல்லை. திங்கட்கிழமை காலை என் அறைக்கதவில் ஐம்பது பேர் நின்றார்கள். பலகையைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்தேன், கடிகாரத்தை எங்கே வைத்தேன் என்று ஞாபகமில்லை. கத்தவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்து மாற்றிக் கொடுத்தேன். பழைய 'தெரியாது'வையே வைத்திருந்த அசோக்குமாரை விட்டால், அந்த மாதமும் அடுத்த மாதமும் வரிசையில் முனிலட்சுமி மட்டும் இல்லை. அவள் பாஸ்வேர்டும் செத்துத்தான் போயிருந்தது. தானே மாற்றிக்கொண்டதாகப் பதிவேடு சொன்னது, மூன்றுக்கும் முதல் தடவையிலேயே சரியான பதில்.

மறுபடி யாரோ என்று பயந்து, நேரே குவாலிட்டி பிரிவுக்குப் போனேன். அவள் ஒரு சிலிண்டரின் துளையை அளந்துகொண்டிருந்தாள்.

"நேத்து பாஸ்வேர்டு மாத்தினது நீங்கதானே?"

"நான்தான் சார்."

"எல்லாரும் மறந்துட்டு வந்து நிக்கிறாங்க. உங்களுக்கு மட்டும் எப்படி ஞாபகம் இருக்கு? பழையபடி உண்மையையே எழுதிட்டீங்களா?"

அளக்கும் கருவியை மேஜையில் வைத்தாள். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

"இல்ல சார். மூணு கேள்விக்கும் ஒரே பேருதான் போட்டிருக்கன். மாரிமுத்துன்னு. அது எனக்கு மறக்காது."

சொல்லிவிட்டு அடுத்த சிலிண்டரை எடுத்தாள். பதிலை என்னிடம் சொல்லிவிட்டதால் அதை மாற்றச் சொல்ல வேண்டியது என் கடமை. நான் சொல்லவில்லை. ஜன்னலில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று திரும்பி நடந்தேன்.